பிள்ளைக்கு முதல் வலிப்பு: வாயில் என்ன போனது என்று யார் சொல்வது?



பிள்ளைக்குத் திடீரென்று கை கால் இழுத்துக்கொண்டு, கண் மேலே செருகி, வாயில் நுரை தள்ளுவதைப் பார்த்த தாய் அதை ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். "ஜன்னி கண்டிடுச்சு" என்பார் ஒருவர். "காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்பார் இன்னொருவர். கையில் இரும்புச் சாவியைத் திணிக்கச் சொல்பவரும் உண்டு. இந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு கேள்வியை மட்டும் அநேகமாக யாருமே கேட்பதில்லை. "பிள்ளை எதையாவது தின்றதா?" என்பதுதான் அந்தக் கேள்வி. அதைக் கேட்க மறந்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் தோட்ட மருந்தகத்தில் வேலை செய்தாலும் என் குடும்பம் பாயான் லெப்பாஸ் அடுக்குமாடி வீட்டில்தான் இருக்கிறது. எங்கள் மாடியில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி, "தம்பி, ஓடியா, பேரனுக்கு இழுக்குது" என்று அலறினார். பிள்ளைக்கு 2 வயது. தாய் தகப்பன் இருவரும் ஃபேக்டரி வேலைக்குப் போயிருந்தார்கள். நெற்றியைத் தொட்டேன், லேசாகச் சுட்டது. "ஒண்ணும் பயப்படாதீங்க பாட்டி, இது ஜுர வலிப்பு" என்று சொல்லிவிட்டு ஈரத்துணி கேட்டேன். இழுப்பு நின்றது. பெருமூச்சு விட்டோம். காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மறுபடியும் இழுத்தது.

அங்கே டாக்டரம்மா பிள்ளையின் வாயருகே குனிந்து மோந்து பார்த்தார். "என்ன சாப்பிட்டான்?" என்றார். பாட்டி, "ஒண்ணுமில்லைங்க, பால் மட்டும்தான்" என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஏனென்றால் அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து நடைபாதையில் பாட்டி என் கையைப் பிடித்து, சேலை முந்தியின் முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே பாதி கடித்த சூடம். "மருமக வந்தா என்னையத்தான் திட்டுவா. போலீஸ்ல புடிச்சுக் குடுத்திடுவாங்களோன்னு பயந்துட்டேன் தம்பி" என்று அழுதார்.

அந்த முடிச்சு அவிழ்ந்த பிறகுதான் வைத்தியம் சரியான பாதைக்கு வந்தது. பிள்ளை இரண்டு நாளில் வீடு திரும்பினான். இன்று ஓடி விளையாடுகிறான். ஆனால் ஆட்டோ போல ஓடும் என் வாய், அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

முதல் வலிப்பு என்றாலே விஷமா?

இல்லை. அதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 6 மாதத்திலிருந்து 5 வயது வரை உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலின்போது வலிப்பு வருவதுண்டு. பெரும்பாலும் சில நிமிஷங்களில் தானே நின்றுவிடும், மூளைக்குக் கெடுதல் செய்வதில்லை. மூளைக்காய்ச்சல், தலையில் அடி, உப்புச் சத்துக் குறைவு, இரத்தத்தில் சர்க்கரை இறங்குதல், பரம்பரையான வலிப்பு நோய் என்று வேறு காரணங்களும் உண்டு. விஷம் அந்த வரிசையில் ஒன்றே ஒன்றுதான். ஆனால் உடனே கண்டுபிடித்தால் மாற்று மருந்து கொடுக்கக்கூடிய காரணம் அது.

ஒன்றைக் கவனியுங்கள். வலிப்பு வந்தாலே தசை இறுகி உடம்பு சூடேறும். வலிப்புக்குப் பிறகு நெற்றி சுடுகிறது என்பதற்காக அது ஜுர வலிப்பு ஆகிவிடாது. வலிப்புக்கு முன்பே காய்ச்சல் இருந்ததா என்பதுதான் கேள்வி. நான் தவறியது இங்கேதான்.

கீழ்க்கண்டவற்றில் ஏதாவது இருந்தால் விஷத்தைச் சந்தேகிக்க வேண்டும். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லாமல் திடீரென்று இழுப்பது. இழுப்புக்கு முன்னோ பின்னோ வாந்தி, தள்ளாட்டம், அரைத் தூக்கம். வாயில், மூச்சில், துணியில் வித்தியாசமான வாடை. எச்சில் ஒழுகி, வேர்த்துக்கொட்டி, கண்ணின் பாப்பா ஊசிமுனை போலச் சுருங்குவது. ஒரே வீட்டில் அல்லது ஒரே ஆயாக் கொட்டகையில் ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வருவது. தவழும் வயதிலிருந்து 5 வயது வரை கைக்கு எட்டியது எல்லாம் வாய்க்குப் போகும் என்பதை நான் சொல்லித் தாய்மார்களுக்குத் தெரியவேண்டியதில்லை.

இரத்தம் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?

"ஆஸ்பத்திரியில்தான் எல்லா மிஷினும் இருக்கே, டெஸ்ட் பண்ணிக் கண்டுபிடிச்சுக்கட்டும்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இது பெரிய தப்பெண்ணம்.

சிறுநீரில் போட்டுப் பார்க்கும் சாதாரணச் சோதனை, போதைப் பொருள்கள், சில தூக்க மருந்துகள் என்று குறிப்பிட்ட சில வகைகளை மட்டுமே காட்டும். சூடம் அதில் தெரியாது. எலி மருந்து தெரியாது. களைக்கொல்லி தெரியாது. "சோதனையில் ஒன்றும் இல்லை" என்றால் "விஷம் இல்லை" என்று அர்த்தம் ஆகாது. தேடிய பொருள் இல்லை என்றுதான் அர்த்தம். விசேஷச் சோதனைகள் உண்டு, ஆனால் எதைத் தேடுவது என்று தெரிந்தால்தான் அவற்றைச் செய்ய முடியும். சிலவற்றின் முடிவு வருவதற்குள் நாள் கடந்துவிடும்.

அமெரிக்க நரம்பியல் கழகம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த அடிப்படையில்தான் பேசுகிறது. காய்ச்சல் இல்லாமல் முதல் வலிப்பு வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு விஷச் சோதனை செய்யச் சொல்லவில்லை. மருந்தோ போதைப் பொருளோ உள்ளே போயிருக்கலாம் என்ற கேள்வி எழுந்தால், எந்த வயதுப் பிள்ளையானாலும் அந்தச் சோதனையை யோசிக்கவேண்டும் என்கிறது. அந்தக் கேள்வியை எழுப்ப வேண்டியது யார்? வீட்டில் இருந்தவர்கள்தான். டாக்டருக்கு நம் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரியில் வழக்கமாகச் செய்வது இவைதான். முதலாவது, விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தில் சர்க்கரை பார்ப்பது. இது ஒரு நிமிஷ வேலை, தோட்ட மருந்தகத்திலேயே செய்யலாம். இதைத் தள்ளிப்போடக்கூடாது. பிறகு தேவையைப் பொறுத்து உப்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, ஈரல் நிலை, இருதயத் துடிப்பின் படம். பூச்சி மருந்து என்று சந்தேகம் வந்தால் 'கோலினெஸ்டரேஸ்' என்ற இரத்தச் சோதனை. ஈயம் என்று சந்தேகம் வந்தால் இரத்தத்தில் ஈய அளவு. ஒவ்வொன்றும் ஒரு தனிக் கதவு. எந்தக் கதவைத் தட்டுவது என்று காட்டுவது நீங்கள் சொல்லும் வார்த்தை.

கம்பாரில் நடந்தது

நம் பக்கத்து மாநிலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1988 அக்டோபரில், சீனர்களின் ஒன்பது பேரரசர் தெய்வத் திருவிழா சமயம், பேராக் மாநிலத்தில் பிள்ளைகள் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். வாந்தி, காய்ச்சல், வயிற்றுவலி, தலைசுற்றல், பிறகு வலிப்பு, கடைசியில் நினைவிழப்பு. 13 பிள்ளைகள் இறந்தார்கள். பார்த்தால் மூளைக்காய்ச்சல் போலத்தான் இருக்கும். ஆனால் எல்லாரும் என்ன சாப்பிட்டார்கள் என்று வீடு வீடாக விசாரித்தபோது ஒரே பதில் கிடைத்தது. கம்பாரில் செய்த 'லோ சீ ஃபன்' என்ற அரிசி மீ. இறந்த பிள்ளைகளின் உடலில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருந்தது சோதனையில் உறுதியானது. அது ஈரலை அழிக்கும், ஈரல் செயலிழந்தால் மூளை கலங்கும். அந்த மீயில் போரிக் அமிலமும் கலந்திருந்ததாகக் கண்டார்கள்.

முதலில் விசாரணை, பிறகுதான் சோதனைக்கூடம் என்பதைப் பாருங்கள்.

லைச்சித் தோட்டத்துப் பிள்ளைகள்

இந்தியாவில் பீகார் மாநிலம் முசாஃபர்பூர் லைச்சிப் பழத்துக்குப் பேர்போன ஊர். அங்கே பல வருஷங்களாக, பழம் பழுக்கும் மே, ஜூன் மாதங்களில் ஏழைப் பிள்ளைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து சுருண்டு விழுந்தார்கள். இரவு நன்றாகப் படுத்த பிள்ளை, காலையில் நினைவில்லாமல் கிடக்கும். மர்மக் காய்ச்சல் என்றார்கள், வெயில் என்றார்கள், பூச்சி மருந்து என்றார்கள். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் ஜேக்கப் ஜான் போன்றோர், இது பழத்தின் நஞ்சாக இருக்கலாம் என்று சுட்டிக்காட்டினார்கள்.

2014-இல் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து அங்கே இரண்டு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 390 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 122 பேர் இறந்துபோனார்கள். சேர்க்கும்போது சர்க்கரை பார்த்த பிள்ளைகளில் நூற்றுக்கு 60-க்கு மேற்பட்டோருக்கு அது ஆபத்தாக இறங்கியிருந்தது. சிறுநீரைச் சோதித்த பலரிடம் லைச்சியில் உள்ள 'ஹைப்போகிளைசின்' என்ற நஞ்சின் அடையாளம் இருந்தது. பகலெல்லாம் தோட்டத்தில் பழம் தின்றுவிட்டு, இரவுச் சோறு இல்லாமல் படுத்த பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம். உடம்பில் சேமிப்பு இல்லாதபோது, அந்த நஞ்சு உடம்பு புதிதாகச் சர்க்கரை செய்வதையும் தடுத்துவிடுகிறது. "ராத்திரி பிள்ளையைப் பட்டினியாகப் படுக்கவைக்காதே, வலிப்பு வந்தால் உடனே சர்க்கரையைப் பார்த்து ஏற்று" என்ற அறிவுரையைக் கடைப்பிடித்தபோது சாவு குறைந்தது. 2019-இல் மீண்டும் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். வறுமை போகாமல் அறிவுரை மட்டும் எவ்வளவு தூரம் போகும்?

நம் சந்தையில் விற்கும் லைச்சியைக் கண்டு நீங்கள் பயப்படவேண்டாம். சாப்பாட்டுக்குப் பின் நாலு பழம் சாப்பிடும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தப் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகள்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நம் வீட்டில் இருப்பவை

சூடம்: வெள்ளையாக, மிட்டாய் போல இருக்கும். தின்ற 5 நிமிஷத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், பல சமயம் முன்னறிவிப்பே இல்லாமல் வரும். ஒரு கிராம் சூடமே சிறு பிள்ளையின் உயிரைக் குடித்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவு இருக்கிறது. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் சூடத்தால் வலிப்பு வந்த 3 பிள்ளைகளைப் பற்றி 2009-இல் டாக்டர்கள் எழுதினார்கள். இரத்தச் சோதனையைவிட வாயின் வாடையும் வீட்டாரின் சொல்லும்தான் இதைக் காட்டிக்கொடுக்கும். சாமி மேடையில் திறந்து வைக்காதீர்கள். மூடியுள்ள டப்பாவில் போட்டு, எட்டாத உயரத்தில் வையுங்கள். தைலத்தோடு கலந்து பச்சைப் பிள்ளை நெஞ்சில் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள்.

யூகலிப்டஸ் தைலம்: சளிக்கு என்று சர்க்கரையில் விட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. இது உள்ளே போனால் மயக்கமும் வலிப்பும் வரும். பெங்களூர் டாக்டர்கள் இதை முகர்ந்ததாலேயே வலிப்பு வந்தவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைக்குக் குடிக்கவோ மூக்கில் விடவோ கூடாது.

தாத்தாவின் இனிப்புநீர் மாத்திரை: சிறு பிள்ளைக்கு ஒரே ஒரு மாத்திரை போதும், சர்க்கரையை இறக்கி வலிப்பை உண்டாக்க. விழுங்கிப் பல மணி நேரம் கழித்தும் இறங்கலாம். ஆகவே "இப்போ நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

டிபி மாத்திரை: இதில் 'ஐசோனியசிட்' என்ற மருந்து உண்டு. இதனால் வரும் வலிப்பு வழக்கமான வலிப்பு மருந்துக்குச் சரியாக அடங்காது. வைட்டமின் பி6 ஊசிதான் இதற்கு மாற்று. பாருங்கள், ஒரு சாதாரண வைட்டமின்! ஆனால் வீட்டில் டிபி மருந்து இருக்கிறது என்று நீங்கள் சொன்னால்தானே டாக்டருக்கு அந்த நினைவு வரும்? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். டிபி ஒரு நோய், குற்றம் அல்ல.

சாராயம், பீர், சம்சு: கிளாஸில் மிச்சம் வைத்ததைப் பிள்ளை குடித்தால் சர்க்கரை இறங்கி வலிப்பு வரும். இதற்குமேல் ஆண்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

தோட்டத்தில் இருப்பவை

மருந்தடிக்கும் தோழர்களே, இது உங்களுக்கு. பாராகுவாட் நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது. அதற்குப் பிறகு வேறு களைக்கொல்லிகள் அதிகம் வந்தன. அவற்றில் 'குளுஃபோசினேட்' என்ற வகை தந்திரமானது. குடித்த உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு, ஒரு நாள் இரண்டு நாளுக்குள்கூட, திடீரென்று வலிப்பும் மூச்சடைப்பும் வரும். உள்ளே போயிருந்தால், பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்கவேண்டும்.

பூச்சிக்கு மரத்தில் துளைபோட்டு ஊற்றும் மருந்துகளில் சில மிகக் கொடியவை. மோனோகுரோட்டோஃபாஸ் அந்த வகை. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மதியச் சாப்பாட்டில் அது கலந்துவிட, 23 பிள்ளைகள் இறந்தார்கள். பூச்சி மருந்து இருந்த பாத்திரத்தில் சமையல் எண்ணெய் வைத்ததே காரணம் என்றார்கள். இப்போது நம் வீட்டுச் சமையல்கட்டை ஒரு தரம் சுற்றிப் பாருங்கள். மருந்து டின்னைக் கழுவித் தண்ணீர் பிடிப்பது, மினரல் வாட்டர் போத்தலில் மருந்து ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது இன்னும் நடக்கிறதா இல்லையா?

எலி மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜூலையில் கெடா கூலிமில், எலி விஷம் கலந்ததாகச் சொல்லப்பட்ட கெரோப்போக்கைத் தின்று இரண்டு சின்னஞ்சிறு சகோதரர்கள் இறந்த செய்தியை நாம் எல்லாரும் படித்தோம். தின்பண்டத்தில் விஷம் வைப்பது எலிக்கானாலும் குரங்குக்கானாலும், பிள்ளைக்கு அது தின்பண்டம்தான்.

வலிப்பு வந்தால் செய்யவேண்டியது

பிள்ளையை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். கழுத்துத் துணியைத் தளர்த்துங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் விரல், கரண்டி, தண்ணீர், எதையும் வைக்காதீர்கள். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். இரும்புச் சாவி வலிப்பை நிறுத்தாது. 5 நிமிஷத்துக்கு மேல் இழுத்தாலும், மறுபடி வந்தாலும், மூச்சு சரியில்லை என்றாலும், விஷம் என்று சந்தேகம் இருந்தாலும் உடனே 999-க்குக் கூப்பிடுங்கள். முதல் வலிப்பு என்றால், நின்றுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும்.

விஷம் என்று தெரிந்தால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், இளநீர், புளித்தண்ணீர், பால் எதுவும் வேண்டாம். சூடம், மண்ணெண்ணெய் விஷயத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய் இன்னும் கெடுக்கும். மருந்து மேலே பட்டிருந்தால் துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கையோடு கொண்டுபோகவேண்டியவை: போத்தல், டின், மாத்திரை அட்டை, மிச்சம் தின்ற பொருள். லேபிள் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. எத்தனை மாத்திரை இருந்தது, இப்போது எத்தனை இருக்கிறது, கடைசியாக எப்போது பிள்ளையை நல்லபடியாகப் பார்த்தீர்கள் என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள்.

நம் பினாங்கிலேயே, மிண்டனில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில், தேசிய விஷத் தகவல் மையம் 1994-லிருந்து இயங்குகிறது. மலாயில் 'பூசாட் ராச்சூன் நெகாரா' என்பார்கள். பாயான் லெப்பாஸிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். நாடு முழுவதிலுமிருந்து டாக்டர்களும் பொதுமக்களும் அங்கே விளக்கம் கேட்கலாம். எண் 1-800-88-8099. இதை எழுதிச் சமையல்கட்டில் ஒட்டிவையுங்கள். ஆனால் பிள்ளைக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போது முதல் போன் 999-க்குத்தான்.

கிளைத் தலைவர்களுக்கு

ஒவ்வொரு தோட்டத்திலும் மருந்துக் கிடங்குக்குப் பூட்டு இருக்கிறதா? மருந்தடிப்பவர்கள் குளித்து உடை மாற்ற இடம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தச் சட்டையோடுதான் தகப்பன் பிள்ளையைத் தூக்குவான். காலி டின்களை ஓட்டைபோட்டு அப்புறப்படுத்துகிறார்களா? ஆயாக் கொட்டகையில் இந்தத் தொலைபேசி எண்கள் இருக்கின்றனவா? மருந்தகத்தில் சர்க்கரை பார்க்கும் கருவியும் அதற்கான ஸ்ட்ரிப்பும் இருக்கின்றனவா? இவை கூட்டத்தில் எழுப்பவேண்டிய கேள்விகள். சம்பள உயர்வு கேட்கும் அதே குரலில் கேளுங்கள்.

கடைசியாக, பாட்டிமார்களுக்கும் ஆயாமார்களுக்கும். பேரப்பிள்ளையை வளர்ப்பது நீங்கள்தான். ஒரு கண் அசந்த நேரத்தில் எந்த வீட்டிலும் எதுவும் நடக்கும். அப்போது பயந்து மறைக்காதீர்கள். டாக்டர் கேட்பது உங்களைத் தண்டிக்க அல்ல, மருந்தைத் தேர்ந்தெடுக்க. மருமகள்மார்களே, பிள்ளை பிழைத்து வந்த பிறகு பாட்டியைத் திட்டாதீர்கள். இன்று நீங்கள் திட்டினால், நாளை அந்த முந்தி முடிச்சு அவிழாது.

எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி இப்போதும் வெள்ளிக்கிழமை தவறாமல் சூடம் கொளுத்துகிறார். டப்பா மட்டும் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. எடுத்துக் கொடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்.